பன்னிரண்டு மாதம் ஓட்டாத வண்டி

ஆக்லாந்தின் மங்கரேயில் மணியத்தின் வீட்டு டிரைவ்வேயைப் பார்க்கிறவர்கள், சனி ஞாயிறு வந்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிற குடும்பம் இது என்று நினைப்பார்கள். நினைக்கத்தான் தோன்றும். நான்கு கதவுள்ள சாம்பல் நிற யூட், இந்த ஊரில் பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர், மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் இரண்டு பேர் படுத்து, சமைத்து, சாப்பிடக்கூடிய வெள்ளை கேரவன். இரண்டும் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கும். துடைத்து வைத்தவர் அந்த யூட்டின் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு வருடம் ஆகிறது, ஏன் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மணியத்துக்கு வயது ஐம்பத்தாறு. கிள்ளானில் பிறந்து, துறைமுகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, கல்யாணமாகி, கைக்குழந்தை மாலினியுடன் ஆக்லாந்துக்கு வந்தவர். வந்த மூன்றாம் மாதமே விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் சேர்ந்தார். விமானத்தில் ஏற்றும் பெட்டிகளைப் பலகைமேல் அடுக்குவது, எடை பார்ப்பது, எது முன்னால் போக வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்வது, ஃபோர்க்லிஃப்டில் தூக்கிக்கொண்டு போவது. அந்தக் கொட்டகையில் ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகாது. மணியம் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு பெயர் அவருக்கு.

போன வருடம் மார்ச் ஆறாம் தேதி, அந்தக் கொட்டகையின் தரையில்தான் அவர் விழுந்தார். கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, கண் விழித்தபோது ஆம்புலன்ஸில் இருந்தார். வலிப்பு. இதற்கு முன் வந்ததே இல்லை. மூளையைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், பழைய சின்னத் தழும்பு ஒன்று இருப்பதாகச் சொல்லி, காலையும் மாலையும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு கண்டிப்பு. கடைசி வலிப்பு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது. நடுவில் இன்னொன்று வந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றிலிருந்து மறுபடி பன்னிரண்டு மாதம். கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் சாவியை வாங்கிக்கொண்டு, அவரைக் காகிதம் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

யூட் வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தென் தீவை ஒரு மாதம் சுற்றி வருவது என்று இருவரும் இருபது வருடமாகப் பேசிவந்த பேச்சு, அதற்காகத்தான் வாங்கினார். கேரவனுக்கும் புக்கெகோஹியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் சொல்லி வைத்திருந்தார். அவர்களே அதை இழுத்துக்கொண்டு வந்து டிரைவ்வேயில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் நம் ஆட்களுக்கே உரிய காரியம் ஒன்றைச் செய்தார்கள் கணவனும் மனைவியும். வலிப்பு என்ற சொல்லை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அப்போது மாலினிக்கு வெலிங்டனில் ஓரிடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு வலிப்பு என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று அவர் மனைவி சீதாதேவி பயந்தாள். பயந்ததில் தவறு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நின்றுபோன சம்பந்தங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆக, மணியத்துக்கு சுகர் இறங்கிவிட்டது, அதனால் மயங்கி விழுந்தார் என்று கதை கட்டினார்கள். சுகர் இறங்கினாலும் கை கால் இழுக்கும் என்பதால் கொட்டகையில் பார்த்தவர்களும் நம்பினார்கள், ஊரும் நம்பியது. கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவர் மணியத்தின் முறை வரும்போது சர்க்கரைப் பொங்கலை இழுத்துக்கொண்டு சுண்டலைக் கொடுத்தார். கூட வேலை பார்க்கும் ஈப்போக்காரர் கவிநேசன், வாரம் தவறாமல் பாகற்காய் கொண்டு வந்து கொடுத்தார். சர்க்கரை நோயே இல்லாத மனிதர் ஒரு வருடம் பாகற்காய் தின்றார்.

தின்றது அவருக்குக் கசக்கவும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு மணியத்துக்கு எதுவும் உறைப்பதில்லை. சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரும் சொன்னார். சிரிப்பு வர வேண்டிய இடம் தெரியும், சிரிப்பு வராது. மாலினிக்கு நிச்சயமானபோது "நல்லது" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடிப் போனார். கிள்ளானில் மூத்த அண்ணன் இறந்துவிட்டதாக ஒரு நாள் மாலையில் போன் வந்தது. தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். சீதாதேவி சமையலறையில் நின்று அழுதாள். மணியம் போனை வைத்துவிட்டு, யூட்டின் பின்தட்டில் பொருத்திக்கொண்டிருந்த இழுப்பறையின் மிச்சம் இருந்த நான்கு போல்ட்டையும் முறுக்கி முடித்தார். அழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொண்டைவரைக்கும் தேடிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மாலை மாத்திரை நேரமாகியிருந்தது, போட்டுக்கொண்டார்.

மீதி நேரமெல்லாம் அந்த வண்டிதான். வேலைக்கு பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸில் வருவார், உடுப்பை மாற்றிக்கொண்டு டிரைவ்வேக்குப் போவார். பின்தட்டுக்கு மேலே பூட்டுப் போட்ட மூடி போட்டார். உள்ளே இரண்டு நீள இழுப்பறைகள், ஒன்றில் அடுப்பும் பாத்திரமும், மற்றதில் கயிறும் கருவிகளும். பக்கத்தில் வெளியே இழுத்து விடுகிற மாதிரி ஒரு குளிர்பெட்டி. அது ராத்திரி முழுக்க ஓட ஒரு இரண்டாவது பேட்டரி, அதற்குக் கட்டை விரல் தடிமனில் வயர், நடுவில் ஃபியூஸ். பக்கவாட்டில் சுருட்டி வைக்கும் பந்தல். கேரவன் அகலத்துக்குப் பின்னால் வருகிறவன் தெரிய வேண்டுமே என்று காது மாதிரி நீண்ட இரண்டு கண்ணாடிகள். கேரவனின் பிரேக்கைத் தனியாகப் பிடிக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னத் திருகு. எல்லாம் அவரே பூட்டியது. ஆசையில் பூட்டினாரா என்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. நாள் எண்ணிக்கொண்டிருந்தார், எண்ணும்போது கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சீதாதேவி பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தன் சின்னக் காரில் அங்கே போய் வருவதோடு அவள் ஓட்டம் முடிந்தது, யூட்டைத் தொடமாட்டாள். ஆனால் கேரவனுக்குள் சாமான் அடுக்குவது தன் வேலை என்று எடுத்துக்கொண்டாள். இருபது கிலோ அரிசி மூட்டை, சம்பல் அரைக்க அம்மிக்கல், பத்துப் பேருக்குச் சமைக்கிற அலுமினியச் சட்டி, எல்லாவற்றையும் கேரவனின் பின்கோடி அலமாரியில் வைத்தாள். மணியம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்.

"பின்னுக்கு வெயிட்டு ஏத்துனா வால் ஆட்டும். நாப்பது கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணும் தெரியாது. மோட்டர்வேயில யூட்டையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"அரிசி மூட்டைக்கா இவ்வளவு?"

"அரிசியும் அம்மியும் சேந்தா முப்பத்தஞ்சு கிலோ. கனமானதெல்லாம் டயருக்கு மேல. கொஞ்சம் முன்னுக்கு. கொக்கி மேல எடை உக்காரணும்."

"சரிங்க," என்றாள் அவள். எடுத்து முன்னால் வைத்தாள். இருபத்தெட்டு வருடத்தில் வண்டி விஷயத்தில் அவள் அவரிடம் "சரிங்க" தவிர வேறெதுவும் சொன்னதில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்று வழி தெரிந்தாலும் சொல்லமாட்டாள். வழி தவறிப் போய்க்கொண்டிருந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஓட்டுகிற மனுஷனைப் பக்கத்தில் இருந்து நச்சரிக்கக்கூடாது என்பது அவள் அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே சாலை விதி.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேரவனின் விளக்குகளுக்கு மின்சாரம் போகிற பிளக்கை மாற்றிக்கொண்டிருந்தார் மணியம். சீதாதேவி சூடாகத் தேநீர் கொண்டு வந்து கொக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பச்சை வயரை எடுத்தார். அடுத்து அவர் பார்த்தபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது. வயர் கீழே கிடந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பட்டன் ஐந்தும் கழன்றிருந்தன. யார் கழற்றியது? அவர் விரல்தான் இன்னும் கடைசிப் பட்டனில் இருந்தது.

சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். சீதாதேவி தலையைக் குனிந்து எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. பட்டனைப் போட்டுக்கொண்டு பச்சை வயரை எடுத்தார். கண் அசந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நின்றபடி, சட்டையைக் கழற்றியபடி கண் அசருகிற மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மணியமும் பார்த்ததில்லை. அது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் கொடுத்த காகிதத்தில் இதே மாதிரி எழுதியிருந்தது, பட்டனைப் பிடித்து நோண்டுவது உட்பட.

பயம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. வந்தது ஒரு மாதக் கணக்கு மட்டும்: சொன்னால் அடுத்த நவம்பர். மார்ச்சுக்குத் தென் தீவுக்குப் போகும் படகில் இடம் போட்டாயிற்று. அடுத்த நவம்பரில் மாலினி கல்யாணம், அதற்கப்புறம் அவருக்கு வயது ஐம்பத்தெட்டை நெருங்கும், அதற்குள் இன்னொன்று வந்தால் மறுபடி ஒரு வருடம். இனி ஓட்டவே போவதில்லை என்றுதான் அர்த்தம். ஊருக்கு ஒரு பொய் சொல்லிப் பழகிய வீட்டில் டாக்டருக்கு ஒரு பொய் சொல்வது அவ்வளவு பெரிய காரியமாகத் தெரியவில்லை. பிளக்கை மாட்டி முடித்தார். இடது விளக்கும் வலது விளக்கும் சரியாக எரிந்தன.

மார்ச் ஒன்பதாம் தேதி டாக்டரிடம் போனார்கள். சீதாதேவிதான் சின்னக் காரில் அழைத்துப் போனாள். டாக்டர் இளம் பெண், முகம் பார்த்துப் பேசுகிறவள். "போன மார்ச்சுக்குப் பிறகு ஏதாவது வந்ததா? விழுந்தது, மறந்து நின்றது, எதுவாக இருந்தாலும்?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றார் மணியம். குரல் அசையவில்லை. மாத்திரைக்கு ஒரு உபயோகம்.

டாக்டர் சீதாதேவியின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் ஏதாவது கவனித்தீர்களா?"

சீதாதேவி மணியத்தின் செருப்பைப் பார்த்தாள். "இல்லை, டாக்டர்," என்றாள்.

அவளுக்குத் தெரியாததை அவள் எப்படிச் சொல்வாள் என்று மணியம் நினைத்துக்கொண்டார். இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்தோஷம் வருமா என்று வீடு வரும்வரை பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை கிளம்புவது என்று முடிவானது. ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகு காலம். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும் நாட்டில் ராகு எந்த நேரத்தைப் பார்த்து வருவார் என்று கவிநேசனுக்கு சந்தேகம். எதற்கும் பத்தேகாலுக்குக் கிளம்பினால் இரண்டு கணக்கிலும் தப்பிக்கலாம் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். வழியனுப்ப லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். யூட்டின் நான்கு டயருக்கும் கேரவனின் இரண்டு டயருக்கும் ஆறு எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு கேட்டுக்கு வெளியே போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், வீடியோ எடுக்க.

மணியம் ஒருமுறை சுற்றி வந்தார். கொக்கி பூட்டியிருந்தது. சங்கிலி மாட்டியிருந்தது. நிறுத்தி வைக்கும்போது கேரவனின் மூக்கைத் தாங்கும் குட்டிச் சக்கரம் தூக்கிக் கட்டியிருந்தது. விளக்குகள் எரிந்தன. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சீதாதேவி ஏற்கெனவே இடது பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், மடியில் பிளாஸ்க். இஞ்சினைக் கிளப்பினார். நீளக் கண்ணாடியில் கேரவனின் முழு உடம்பும் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கக் கையைக் கொண்டு போனார். அதன்மேல் சீதாதேவியின் கை இருந்தது.

"கைய எடு," என்றார்.

எடுத்தாள். அவர் பிரேக்கை இறக்கினார். அவள் கை திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. தவறிப்போய் வைத்த கை இல்லை. நான்கு விரலும் மடங்கி, கட்டை விரல் பொத்தான்மேல் இருந்தது. விரல் நுனி வெளுத்திருந்தது.

"என்னா இது?"

"இருக்கட்டுங்க. நீங்க ஓட்டுங்க."

மணியம் பிரேக்கை மறுபடி தூக்கிவிட்டார். அவள் கையோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே கவிநேசன் வா வா என்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"எப்பத்திலேந்து?"

"நவம்பர்லேந்து. ஜன்னல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

"டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்ன."

"நீங்க இல்லைன்னு சொன்னப்பறம் நான் எப்படிங்க ஆமான்னு சொல்றது? அந்தப் பொண்ணு முன்னால."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டி பின்னால் முனகிற்று. மணியம் அவளைத் திரும்பிப் பார்த்தார். மோட்டர்வேயில் நூறு கிலோமீட்டர், பின்னால் ஒன்றேமுக்கால் டன், பக்கத்தில் லாரிகள், ஸ்டியரிங்கில் பட்டனை நோண்டுகிற ஒரு ஆள். அவ்வளவையும் இவள் யோசித்திருக்கிறாள். யோசித்துவிட்டுத்தான் புடவை கட்டியிருக்கிறாள்.

"தெரிஞ்சேதான் ஏறி உக்காந்தியா?"

"நீங்க ஓட்டறேன்னு சொல்லி நான் எப்ப ஏறாம இருந்திருக்கேன்?" என்றாள் சீதாதேவி. கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு வருசம் அந்த வண்டியத் தொடச்சிக்கிட்டே இருந்தீங்க. வேறெதுக்கும் முகத்துல ஒண்ணும் இல்ல. வேணாம்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லல. அதான் பிரேக்க மட்டும் பிடிச்சுக்கலாம்னு."

மணியத்துக்கு ஏதோ ஒன்று வந்தது. ஒரு வருடமாக வராதது என்பதால் அது இன்னதென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பயம். தன் உயிருக்கு இல்லை. அந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்து வந்த பயம். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.

கவிநேசன் ஓடி வந்தார். "என்னாண்ணே, சுகரா? மிட்டாய் இருக்குலா, தரவா?"

"சுகர் எனக்கு எப்பவுமே இல்ல, கவி," என்றார் மணியம். "வலிப்பு."

கவிநேசன் போனைக் கீழே இறக்கினார். சீதாதேவியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், பிறகு தேநீர் போடுவதாகச் சொல்லி வீட்டுக்குள் போனார்.

மணியம் அங்கேயே உட்கார்ந்து கிளினிக்குக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டார். டாக்டர் இன்னொரு நோயாளியுடன் இருந்ததால் நர்ஸ் பேசினாள். தான் போன வாரம் சொன்னது சரியில்லை, நவம்பரில் ஒன்று வந்தது, சொல்லவில்லை என்றார். நர்ஸ் திட்டவில்லை. இப்போது வண்டி ஓட்டுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை, நிறுத்தியாயிற்று என்றார்.

"தேதி ஞாபகம் இருக்கிறதா?"

"நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு," என்று ஆங்கிலத்தில் சொன்னார் மணியம்.

"இருபத்திமூணு," என்றாள் சீதாதேவி பக்கத்திலிருந்து.

இருபத்திமூன்று என்றார் அவர். நர்ஸ் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அந்த ஒன்றுதானா?"

"ஆமாம், அந்த ஒன்று மட்டும்தான்," என்றார் மணியம்.

சீதாதேவி பிளாஸ்க்கைக் காலடியில் வைத்தாள். "டிசம்பர் பதினெட்டு," என்றாள். "காலையில, பல்லு வெளக்குறப்ப. ஜனவரி நாலு, கோயில்ல. சுகர்னு சொல்லி நான்தான் வெளிய கூட்டிக்கிட்டு வந்தேன். பிப்ரவரி பதினொண்ணு, சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க."

மணியத்துக்கு அதில் ஒன்றுகூட வந்ததாக நினைவில் இல்லை. பல் விளக்கியது நினைவிருந்தது. கோயிலுக்குப் போனது நினைவிருந்தது. வெளியே எப்படி வந்தோம் என்று அவர் யோசித்ததே இல்லை. நர்ஸ் காத்திருந்தாள். அவர் ஒவ்வொரு தேதியாக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்.

"அப்பறம் போன வியாழக்கெழம," என்றாள் சீதாதேவி, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "இதே வண்டியில, இதே சீட்டுல. டெஸ்ட் பாக்குறேன்னு இங்கயே கிளப்புனீங்க. இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

மணியம் அதையும் சொன்னார்.